மாடி வீட்டு ஆப்பிரிக்கா

வாங்க, வாங்க. செருப்பு அக்கட்டால கிடக்கட்டும், யாரும் எடுத்துட்டுப் போக மாட்டாங்க. புரோக்கர் வரலீங்களா? வாசல்லயே விட்டுப்போட்டுப் போயிட்டாரா? அவரு அப்படித்தான். பேங்க்ல வேலை, கூட அம்மா மட்டுந்தான்னு சொன்னாரு. மத்ததெல்லாம் நேர்ல கேட்டுக்கங்கன்னுட்டாரு. வெயில்ல வந்திருக்கறீங்க, தண்ணி குடிக்கறீங்களா? கொண்டாரச் சொல்றேன். அதுக்கு முன்னால, உங்களுக்குச் சொந்த ஊரு எதுங்க?

கரூரா? கரூர்ல எங்க? டவுன்லயேவா? ஓ... டவுன்னா எல்லாருந்தான் இருப்பாங்க. சரி, இந்தாங்க மாடிச் சாவி. நீங்களே தொறந்து பாருங்க, நான் பின்னாலயே வர்றேன். எனக்கு மூட்டு வலி, மெல்லத்தான் ஏறுவேன்.

காத்து வருதுங்களா? இந்த மாடிக்கு அதான் விசேசம். வர்றவங்க எல்லாருக்கும் வூடு புடிச்சுப்போகுது. கீழ வந்து உக்காந்து பேசறாங்க, போய் சொல்றோம்ன்றாங்க, பொறவு போன் போட்டா எடுக்கறதே இல்ல. கண்ணு பட்டுப்போச்சுங்க, வேற என்ன. பூசணிக்காயும் சுத்தி ஒடச்சுப் பாத்துட்டேன்.

இந்த பாத்ரூமுக்குள்ள எட்டிப் பாருங்க. படுத்துக் குளிக்கற தொட்டி! இந்த வீதியில யாரு வூட்லயும் இல்ல. இதுக்கு முன்னால குடியிருந்தவங்களுக்காக வெச்சது. அந்தக் கதைய நீங்களும் கேட்டுக்கறது நல்லதுதான். வெளிய யாராச்சும் வேற மாதிரி சொல்லியிருப்பாங்க. அதுவும் சுகந்தின்னு என்ற ஓரகத்தி ஒருத்தி இருக்கறா, எங்கூட்டுக்காரரோட தம்பி சம்சாரம், அடுத்த வீதியில. அவ சொன்னத நம்பாதீங்க.

எங்கூட்டுக்காரரு பனியனுக்குப் பிரிண்டிங் போடற யூனிட் வெச்சிருக்கறாரு. வேலையில்லாம மெஷின் சும்மா நின்னப்பத்தான் புரோக்கர் வந்து சொன்னாரு, பனியன் வாங்க வர்ற வெளிநாட்டு பையர் ஒரு லேடி, சீசன் முழுக்கத் தங்கி ஆர்டர் குடுத்துச் சரக்கு எடுத்துட்டுப் போவாங்க, மாடியக் குடுக்கறீங்களான்னு. பையர்னா திருப்பூர்ல என்னன்னு உங்களுக்குப் புதுசுல தெரியாது. மாப்பிள்ளைக்குக்கூட அந்த மரியாதை கிடையாது. வெளிநாட்டுக்காரங்கன்னா தொட்டியிலதான் குளிப்பாங்கன்னு இந்தத் தொட்டிய வாங்கி வெச்சோம். காரம் போடாம சமைக்கப் பழகுனேன். வர்ற அன்னிக்கு ஆரத்தித் தட்டோட வாசல்ல நின்னனுங்க.

கார்ல இருந்து எறங்குனது ஆப்பிரிக்கா.

நான் ஆரத்தி சுத்தறதா வேண்டாமான்னு எங்கூட்டுக்காரரப் பாத்தேன். அவரு ஆர்டரப் பாத்தாரு. சுத்திப்போட்டேன்.

நான் நெறம் பாக்கற ஆளே இல்லீங்க. பாத்தாலே உங்களுக்குத் தெரியுமே. என்னையே 'மாநிறம்'னு சொல்லித்தான் கட்டி வெச்சாங்க. ஆனா வெளிநாடுன்னு சொன்னா வெளிநாட்டுல இருந்து வரணுமா இல்லீங்களா? அந்தம்மா பேரு அக்கோசுவா. கானா நாடு. அங்க குமாசின்னு ஒரு ஊரு, சந்தையில பெரிய துணிக்கடையாம். வந்த மொத நாளே என்னத்தக் கேட்டாங்கறீங்க? ஒரு பக்கெட்டும் மக்கும். தொட்டியில துணி ஊற வெச்சா.

அவ குடுக்கற ஆர்டர் என்னன்னு கேட்டீங்கன்னா சிரிப்பீங்க. அவிய ஊர்ல யாராச்சும் செத்துட்டா, செத்தவங்க போட்டோவ பனியன்ல பிரிண்ட் போட்டு சொந்தக்காரங்க எல்லாரும் போட்டுக்குவாங்களாம்! எங்க யூனிட்ல மலை மாதிரி குவிஞ்சு கிடக்கும், சிரிச்ச முகமா பெரியவங்க. செத்தவங்க மொகத்த நெஞ்சுல மாட்டிட்டுத் திரியறதான்னு எனக்கு ஒரு மாதிரி ஆயிப்போச்சு. நம்ம ஊர்லயும் சாவு நடக்குது. எங்க மாமனாரு போனப்ப நாலு ரோட்டுலயும் ஃப்ளெக்ஸ் கட்டி, போஸ்டர் ஒட்டி, எங்கூட்டுக்காரரு, கொழுந்தனாரு, மச்சாண்டாரு, அவிய கட்சிக்காரங்க எல்லார் போட்டோவும் சின்னச் சின்னதாப் போட்டு எவ்வளவு நாகரிகமாப் பண்ணுனோம்! அந்த மாதிரி பண்ணத் தெரியல அவங்களுக்கு.

சாப்பாடும் அப்படித்தானுங்க. எதையோ உரல்ல போட்டு இடிச்சு, உருண்டையா உருட்டி, கொழம்புல தொட்டு, மெல்லாம அப்படியே முழுங்கறது. பாக்கவே சங்கடமா இருக்கும். நாங்களும் ராகிக் களி முழுங்குவோம், இல்லைன்னு சொல்லல. ஆனா களின்னா களி. கருவாட்டு வாசம் வேற மாடியில இருந்து எறங்கும். எங்க வூட்லயும் கருவாடு செய்வோம், நீங்க நெனைக்கற மாதிரி இல்ல. எங்க கருவாடு வாசம், அவ கருவாடு நாத்தம். ஆமா, நீங்க கருவாடு சாப்பிடற ஆளுங்களா? மாட்டுக்கறி... சும்மா கேட்டனுங்க. வாங்க, கீழ எறங்கலாம். உக்காந்து பேசலாம், தண்ணியும் குடிக்கலாம்.

இந்த நாற்காலியில உக்காருங்க. ஃபேனப் போடறேன். சொந்த ஊர்ல உங்களுக்குக் கோயில் எதுங்க? கொலசாமிய சொல்றேன். பழக்கத்துக்காகக் கேக்கறேன். ஞாபகமில்லீங்களா? கொலசாமி ஞாபகமில்லாம இருக்குமா என்ன? சரி வுடுங்க.

நிதர்சனான்னு எனக்கு ஒரே பொண்ணு, மூணாப்பு படிக்கறா. நியூமராலஜி பாத்து வெச்ச பேரு. அவதான் அந்தம்மாவுக்கும் எனக்கும் நடுவுல பேசி விடறது. எனக்கு இங்கிலீசு வராது, அந்தம்மாவுக்குத் தமிழ் வராது. நான் அஞ்சு வரி திட்டி வுட்டா, இவ ரெண்டு வார்த்தையில முடிச்சுருவா, அந்தம்மா என்னப் பாத்துச் சிரிச்சுக் கும்புடுவா. இங்கிலீசு சின்ன பாஷைன்னு அப்பத்தான் தெரிஞ்சுது.

பள்ளிக்கூடம் வுட்டு வந்ததும் மாடிக்கு ஓடிருவா. ஒரு நாள் நான் எடது கையில ஒரு பாத்திரத்த நீட்டுனேன், அவ வாங்கவே இல்ல. "எடது கையில குடுக்கக் கூடாதும்மா, ஆன்ட்டி சொன்னாங்க"ன்னா. பாருங்க! இவ பொறந்ததுல இருந்து நானும் அதத்தான் சொல்லிட்டு இருக்கறேன். நான் சொன்னப்ப காதுல ஏறல, கானாவுல இருந்து வந்து சொன்னா ஏறுது.

இன்னொரு நாள் "அம்மா, என் பேரு அஃபுவா"ன்னு வந்து நிக்கறா. என்னடின்னா, அவிய நாட்டுல எந்தக் கெழமை பொறக்கறமோ அதுக்கு ஒரு பேராம். அந்தம்மா ஞாயித்துக்கெழமை பொறந்ததால அக்கோசுவா. இவ வெள்ளிக்கெழமை, அதனால அஃபுவா. இவ்வளவுதானுங்க பேரு! ராசி இல்ல, நட்சத்திரம் இல்ல, என்ன ஆளுங்கன்னு தெரிஞ்சுக்கறதுக்கு ஒரு வழியும் இல்ல. நாங்க நியூமராலஜிக்காரருக்கிட்ட எத்தன நடை நடந்து வாங்குன பேரு, ஒரு கெழமையில அடிச்சுட்டுப் போயிட்டா.

இப்ப கதைக்கு வர்றேன். இவ பள்ளிக்கூடத்துல 'உலகக் கண்டங்கள் விழா'ன்னு வெச்சாங்க. ஒவ்வொரு புள்ளைக்கும் ஒரு கண்டம். அந்தக் கண்டத்து வேசம் போட்டுட்டு, அவங்க கல்ச்சருக்கும் நம்ம கல்ச்சருக்கும் என்ன ஒத்துமை, என்ன வித்தியாசம்னு மேடையில பேசணும், இங்கிலீசுல. சீட்டுக் குலுக்கிப் போட்டதுல சுகந்தி பையனுக்கு ஐரோப்பா. என்ற புள்ளைக்கு ஆப்பிரிக்கா! சுகந்தி எங்கிட்ட வந்து, "ஐயோ பாவம்க்கா, நிதுவுக்கு நல்ல கண்டமே கெடைக்கலியா?"ன்னு கேட்டா. அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன், மொதல் பரிசு இந்த வூட்டுக்குத்தான் வரணும்னு.

புள்ளைக்கு ஒரு கண்டத்தப் பத்திச் சொல்லிக் குடுக்கறதுன்னா சும்மாவா? நான் ஒண்ணும் தெரியாதவ இல்லீங்க, வேசம் வாடகைக்குத் தர்ற கடைக்குப் போனேன். "ஆப்பிரிக்கா செட்டா? ரெடியா இருக்குங்க்கா"ன்னு பொட்டியத் தொறந்தான். புல்லுப் பாவாடை, எலும்பு மாலை, சுருட்ட முடி, வேல் கம்பு, மொகத்துக்குப் பூசற மை. அதே செட்ட வேடனுக்கும் குடுப்பாங்களாம், கம்ப மாத்திட்டா எமனுக்கும் ஆகுமாம். டியூசன் மிஸ்ஸுக்கிட்ட சிங்கம், காடு, இருட்டுன்னு ஒரு பேச்சு எழுதி வாங்கியாச்சு.

பொறவுதான் எனக்கு ஒரு ரோசன வந்துது. மாடியிலயே ஒரு ஆப்பிரிக்கா குடியிருக்குது, எதுக்கு வெளிய அலையணும்? அந்தம்மாவையே கூட்டிட்டுப் போயி மேடையில நிக்க வெச்சுட்டா? சுகந்தி எங்க போயி ஒரு ஐரோப்பாவக் கூட்டிட்டு வருவா?

செட்ட எடுத்துட்டு, இவளையும் கூட்டிட்டு மாடிக்குப் போனேன். இது சரியா இருக்குதான்னு பாத்துச் சொல்லச் சொன்னேன். அந்தம்மா எலும்பு மாலையக் கையில எடுத்துத் திருப்பித் திருப்பிப் பாத்தா. வேல் கம்பப் பாத்தா. இது எந்த நாட்டு உடுப்புன்னு கேட்டா. "உங்க நாட்டுதுதான்"னேன். இப்படி யாரையும் நான் பாத்ததில்லியேன்னா. சிங்கத்தப் பத்திக் கேளுடின்னு இவகிட்டச் சொன்னேன். சிங்கம் நேர்ல பாத்தது இந்தியாவுல வந்து ஜூவுலதான்னு சொல்லிப்போட்டுச் சிரிக்கறா. தன் நாட்டப் பத்தியே தெரியல அந்தம்மாவுக்கு. வேசம் போட்டுக்க மாட்டேன்னுட்டா, ஆனா புள்ளைக்காக வந்து முன்னால உக்காருறேன்னா. நமக்கு அது போதும்.

விழா அன்னிக்கு நான் புள்ளைக்கு மொகமெல்லாம் மை பூசிக் கூட்டிட்டுப் போனேன். பள்ளிக்கூடத்துக்குள்ள போனதும் அந்தம்மா இவளப் பாத்தா. கையப் புடிச்சுக் கொழாய்க்குக் கூட்டிட்டுப் போயி, மொகத்தத் தேச்சுக் கழுவி, பையில இருந்து மஞ்சளும் பச்சையுமா ஒரு துணிய எடுத்து இவளுக்குச் சுத்திக் கட்டி, தலைக்கும் ஒரு கட்டு கட்டி வுட்டா. புல்லுப் பாவாடை கொழாயடியிலயே கிடக்குது. எனக்கு வந்த கோவத்துக்கு அளவே இல்ல. ஆனா ஆர்டர் நடந்துட்டு இருக்குது, வாயத் தொறக்க முடியல.

சுகந்தி பையன் மொதல்ல ஏறுனான். கோட்டு, சூட்டு, கம்பளித் தொப்பி, கையுறை. "ஐரோப்பாவில் குளிராக இருக்கும்"னு இங்கிலீசுல சொன்னானாம். வேத்து ஊத்துச்சு. அப்படியே மயங்கி வுழுந்தான், தூக்கிட்டுப் போனாங்க. அவ்வளவுதான் அவன் பேச்சு.

அடுத்து என்ற பொண்ணு. டியூசன் மிஸ் எழுதிக் குடுத்ததப் பேசலைன்னு எனக்குத் தெரிஞ்சுது. சிங்கம்னு ஒரு வார்த்தை வரும்னு காத்துட்டு இருந்தேன், வரவே இல்ல. ஆனா பேசுனா பாருங்க, தட்டுத் தடங்கல் இல்லாம! கையக் காட்டறா, சிரிக்கறா, அந்தம்மாவப் பாத்துப் பேசறா, என்னப் பாத்துப் பேசறா. கடைசியில "மை மதர்"னு சொன்னா. அது எனக்குப் புரிஞ்சுது. என்னப் பத்தி மேடையில சொல்றா! எந்திரிச்சு நின்னு கை வலிக்க வலிக்கத் தட்டுனனுங்க. வேற யாரும் தட்டல. அவ்வளவு சனமும் திரும்பி என்னையே பாத்தாங்க. பொறாமை. பக்கத்துல அந்தம்மாவுக்குக் கண்ணு கலங்கியிருந்துது. புள்ள பேசுன அழகுல மனசு எளகிருச்சுன்னு நெனச்சு, அந்தம்மா கையப் புடிச்சு ஒரு குலுக்கு குலுக்குனேன். அன்னிக்குத்தான் மொத மொதலா அந்தம்மா கையத் தொட்டேன்.

பரிசு ஐரோப்பாவுக்குங்க. மயங்கி வுழுந்தவனுக்கு!

நான் நேரா நடுவர்கிட்டப் போயி நியாயம் கேக்கலாம்னு கெளம்பறேன், சுகந்தி என்ற கையப் புடிச்சு ஓரமா இழுத்துட்டுப் போனா. அவ காலேஜ் படிச்சவ. "அக்கா, உங்க பொண்ணு என்ன சொன்னான்னு தெரியுமா?"ன்னு கேட்டா. மொகத்துல அவ்வளவு சந்தோசம்.

என்ற பொண்ணு சொன்னது என்னன்னா: அவங்களும் நம்மள மாதிரி எடது கையில குடுக்க மாட்டாங்க. அவங்களும் நம்மள மாதிரி உருட்டி முழுங்குவாங்க. செத்தவங்க போட்டோவ அவங்க சட்டையில போடுவாங்க, நம்ம ரோட்டுல போடுவோம். அவங்க ஊர்ல வூட்டுக்கு யாரு வந்தாலும், நீ யாரு, எதுக்கு வந்தேன்னு கேக்கறதுக்கு முந்தியே தண்ணி குடுத்துருவாங்க. எங்க வூட்லயும் தண்ணி குடுப்போம். ஆனா யாருன்னு கேட்டுட்டுத்தான் எந்த டம்ளர்னு எங்க அம்மா முடிவு பண்ணுவாங்க. அக்கோசுவா ஆன்ட்டியோட டம்ளர் வாசலுக்கு வெளிய படிக்கட்டுக்கு அடியில கவுத்து வெச்சிருக்கும். ஆன்ட்டி வூட்ல எனக்குன்னு தனி டம்ளர் கிடையாது. இது எங்க கல்ச்சர்னு 'மை மதர்' சொன்னாங்க. தேங்க்யூ.

சொல்லுங்க, இதுல என்ற தப்பு என்ன இருக்குது? அன்னிக்குக் காலையில தல சீவி வுடறப்ப கேட்டா, "ஏம்மா ஆன்ட்டிக்கு மட்டும் தனி டம்ளர்?"னு. அவசரத்துல "அது நம்ம கல்ச்சர் கண்ணு"ன்னேன். வித்தியாசம் எங்க தேடியும் கெடைக்காம இருந்திருக்கா, அதப் புடிச்சுக்கிட்டா. அந்தம்மாவும் அதுவரைக்கும் அத விருந்தாளிங்களுக்குன்னு எடுத்து வெச்ச டம்ளர்னு நெனச்சிருந்தாளாம். சுத்தபத்தத்துக்கு ஒரு டம்ளர் தனியா வெக்காத வூடு எது? சுகந்தி வூட்லயும் இருக்குது. புது டம்ளரா வாங்கி, தட்டுல வெச்சுக் குடுக்கறதால யாருக்கும் தெரியறதில்ல.

வூட்டுக்கு வந்து அந்தம்மா சண்டை போட்டிருந்தாக்கூட நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன். மறுநாள் எறங்கி வந்து, படிக்கட்டுக்கு அடியில இருந்து அந்த டம்ளர எடுத்து, "இத நான் எடுத்துக்கலாமா?"ன்னு இவள வுட்டுக் கேட்டா. அத வெச்சு நான் என்ன பண்ணப் போறேன், எடுத்துக்கோன்னேன். அந்த வாரமே வூட்டக் காலி பண்ணிட்டா. ஆர்டரும் அவளோடயே போயிருச்சு. மெஷின் மறுபடி சும்மா நிக்குது.

போறப்ப சாவியோட அந்த டம்ளரையும் கொண்டாந்தா. பாத்திரக் கடையில குடுத்து, நாம பேரு வெட்டுவமே, அந்த மாதிரி தமிழ்லயே 'அஃபுவா'ன்னு வெட்டி, இவ கையில குடுத்துட்டுப் போயிட்டா.

அன்னியில இருந்து இவ வேற எதுலயும் ஒண்ணும் குடிக்கறதில்லீங்க. பாலு, தண்ணி, கசாயம், எல்லாம் அதுலதான். வெள்ளி டம்ளர் வாங்கிக் குடுத்துப் பாத்தேன், தொடல. குடிச்சுட்டு அந்தப் படிக்கட்டுக்கு அடியிலயே கவுத்து வெக்கறா. நான் பெத்த புள்ள, வாசலுக்கு வெளிய போயி தண்ணி குடிக்குது. உள்ள வெச்சுக்கடின்னா, "இது எங்க இருக்கணும்னு நீதானம்மா சொன்ன"ங்கறா. முன்ன மாதிரி எங்கிட்ட ஒண்ணும் கேக்கறதும் இல்ல. ஒரு கண்டத்தப் பத்திப் புள்ளைக்குச் சொல்லிக் குடுக்கப் போயி, என்ற புள்ள எனக்கு இல்லாமப் போயிட்டா. அந்த ஆப்பிரிக்காக்காரிதான் காரணம், வேற யாரு?

சரி, என்ற பொலம்பல் எதுக்கு. உங்க விசயத்துக்கு வருவோம். நாக்கு வறண்டுபோச்சா? இதோ தண்ணி வந்துரும். அதுக்குள்ள, உங்க அப்பா பேருக்குப் பின்னால ஏதாச்சும் போடுவாரா... உங்க சொந்தக்காரங்க யாராச்சும் இந்தப் பக்கம்...

நிது! உன்ன யாருடி தண்ணி கொண்டாரச் சொன்னா? நான் இன்னும் பேசிட்டு இருக்கறனில்ல? அதுவும் அந்த டம்ளர்லயா? இருங்க, குடிக்காதீங்க, வேற டம்ளர்... அட, குடிச்சுப்போட்டீங்களா.

பெரியவங்க பேசறப்ப நடுவுல என்னடி கேள்வி? என்ன கெழமை பொறந்தாங்களா? மன்னிச்சுக்கங்க, வர்றவங்க எல்லாருகிட்டயும் இதே கேள்விதான். என்னது, புதன்கெழமைங்களா?

அப்ப நீங்க அக்குவாவாம். கேட்டுக்கங்க.

ஏனுங்க, வந்ததுல இருந்து நானும் கேட்டுக்கிட்டே இருக்கறேன், எனக்கு ஒரு பதிலக் காணோம். அவளுக்கு மட்டும் சட்டுனு சொல்லிப்போட்டீங்க. சரி, தண்ணியும் குடிச்சாச்சு, நேராவே கேட்டர்றேன். நீங்க என்ன ஆளுங்க?

ஏன் எந்திரிச்சுட்டீங்க? ஏனுங்க! சாவிய எதுக்கு அவ கையில குடுக்கறீங்க? வூட்டுக்காரி நானுங்க.